சயாம் பூனை கறுத்த குளிர்காலம்

துரைசாணி என் கையில் கொடுத்த இரண்டு தாள்களில் மொத்தம் இருபத்து மூன்று விதிகள் இருந்தன. டைப் அடித்து, ஓரத்தில் வரிசை எண் போட்டவை. அவற்றில் இருபத்திரண்டை ஒரு நாள் தவறாமல் கடைப்பிடித்தேன். ஒன்றை மீறினேன். எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. அந்த ஒன்றால் வந்த பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு. நீலகிரியில் அரவேணு தாண்டி மேலே ஏறினால் வரும் ஒரு எஸ்டேட்டில், தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் எங்கள் எஸ்டேட்டில் வெள்ளைக்கார மானேஜர்தான் இருந்தார். மானேஜரைத் துரை என்றும் அவர் மனைவியைத் துரைசாணி என்றும் சொல்வோம். பின்னால் நம் ஊர்க்காரர்கள் அந்த நாற்காலிக்கு வந்தபோதும் அதே பெயர்தான் நிலைத்தது.

லாரியில் ஏறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது என் வேலை. ஏற்றும்போது ஒரு முறை, ஏற்றியபின் ஒரு முறை, தார்ப்பாய் கட்டுவதற்கு முன் ஒரு முறை. யாரும் மூன்று முறை எண்ணச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்த கிளார்க், கணக்கில் ஒரு பெட்டி குறைந்ததற்காக இருபத்து நாலு மணி நேரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மலை இறங்கினார் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெரிய கிளார்க் சொல்லியிருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, தகரக்கூரை. என் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். மலை இறங்கினால் போக எங்களுக்கு இடம் இல்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆறு மாதமும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

துரையும் துரைசாணியும் அக்டோபரில் ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேற இருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு சயாம் பூனை இருந்தது. பெட்டை, ஐந்து வயது. உடம்பு பாலாடை நிறம். முகம், இரண்டு காது, நாலு பாதம், வால் மட்டும் கருகிய பழுப்பு. கண் நீலம். நம் ஊர்ப் பூனைக்கு ரோமத்துக்கு அடியில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு இருக்கும். இவளுக்கு அது இல்லை. உடம்போடு ஒட்டிய ஒரே அடுக்குக் குட்டை ரோமம். விரலால் எதிர்ப்பக்கம் தடவினால் தோல் தெரியும்.

நான் வாரத்தில் மூன்று நாள் கையெழுத்துக்குக் காகிதம் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போவேன். போக ஆரம்பித்த இரண்டாம் வாரமே அவள் மேஜையிலிருந்து என் தோளுக்குத் தாவி ஏறிவிட்டாள். அந்த ஜாதியின் குணம் அது. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் ஒருவரைத்தான் பிடித்துக்கொள்ளும். துரைசாணிக்கு அடுத்தபடி அவள் பிடித்தது என்னை. பங்களா பட்லர் இருபது வருஷமாக அங்கே இருந்தவர். அவர் கையில் ஈரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டாலும் அவள் கிட்டே போகமாட்டாள்.

துரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ பெட்டி ஐந்நூறு எண்ணறே. பூன ஒண்ணுதான். ஒண்ணு எண்ண முடியும் இல்ல?"

பெரிய கிளார்க் உரக்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று அப்போதே யோசித்தேன்.

விதிகளில் பாதி சாப்பாடு. காலையில் வேகவைத்த ஈரல், மாலையில் முள் எடுத்த மீன் அல்லது கொத்திய ஆட்டுக்கறி; பால் கூடாது, வயிறு போகும். ஈரக்கையால் தினமும் இருபது தடவை தடவிவிட்டால் உதிர்ந்த ரோமம் கையோடு வந்துவிடும், சீப்பு வேண்டாம். வெளியே விடக்கூடாது, தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கும். உயரமான இடத்தில் ஏற வழி வைக்க வேண்டும். திட்டக்கூடாது, மனசில் வைத்துக்கொள்வாள். பதினோராம் விதி எனக்கு இப்போதும் மனப்பாடம்: அவள் பேசினால் பதில் பேச வேண்டும். நாளில் ஐந்து மணி நேரமாவது மனிதர் துணை வேண்டும். தனியே விட்டால் கத்திக் கத்தியே இளைத்துப்போவாள்.

அவள் பேசியது உண்மை. மியாவ் என்று இல்லை, தொண்டை கட்டிய குழந்தை முறையிடுவதைப் போல. நான் உள்ளே வந்ததும் ஒன்று, கோட்டைக் கழற்றியதும் ஒன்று, பேரேட்டைப் பிரித்ததும் ஒன்று. நான் "ஆமாங்க அம்மிணி" என்பேன். உடனே இன்னொன்று. ஒரு மாலையில் எண்ணினேன், நூற்று நாற்பது வரை வந்தது. ஆபீஸ் வேலையைப் பங்களாவுக்கே கொண்டுபோய், மாலை மூன்றரை முதல் எட்டு வரை அங்கே உட்கார்ந்து எழுதினேன். காலையில் ஆறு முதல் ஏழு.

"போயிட்டு வாங்க, உங்க சின்ன ஊட்டுக்காரி காத்துக்கிட்டிருப்பா" என்று என் மனைவி தினமும் வழியனுப்பினாள். "எங்கிட்ட ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது வார்த்த பேசியிருக்கீங்களா?"

ஏழாம் விதிதான் நான் மீறியது. எழுதும் அறையில் காலையிலும் மாலையிலும் கணப்பில் தீ எரிய வேண்டும், பூனை அந்த அறையில்தான் இருக்க வேண்டும். ஏன் என்று எழுதவில்லை. வெள்ளைக்காரர்கள் கணப்பு இல்லாமல் இருக்கமாட்டார்கள், அந்தப் பழக்கத்தில் எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் மூன்றாம் வாரம் ஒரு மாலை, விளக்கடியில் அவளைத் தடவிக்கொண்டிருந்தபோது இடுப்பருகே நிறம் மாறியிருப்பதைப் பார்த்தேன். பாலாடை நிறம் இல்லை. பால் அதிகம் விட்ட டீயின் நிறம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மறுபக்கமும் அப்படியே.

இந்த இடத்தில் ஃபேக்டரியில் அப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். தேயிலை உலர்த்தும் டிரையரின் அடுப்புக் குழாயில் அந்த மாதம்தான் விரிசல் விட்டு, புகை இலையில் ஏறிவிட்டது. ருசி பார்க்கிறவர் ஒரே வாயில் துப்பிவிட்டார். நாற்பத்தெட்டுப் பெட்டி திரும்பி வந்தது. நான்தான் எண்ணி உள்ளே வைத்தேன். டீமேக்கர் மூன்று நாள் சாப்பிடவில்லை. எஸ்டேட்டில் யார் வாயைத் திறந்தாலும் புகை, புகை என்றே பேச்சு. அந்த வருஷம் மழை நிற்காமல் பெய்து, பங்களா விறகெல்லாம் ஈரச் சீகை மரம். கணப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம்.

பூனையின் மேல் ஈரத்துணியைப் போட்டுத் துடைத்தேன். துணியில் லேசாகச் சாம்பல் நிறம் ஒட்டியது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். புகை ஏறிவிட்டது.

பட்லரைக் கூப்பிட்டு இனிமேல் கணப்பு வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க கிளார்க்கு, தாள்ல எழுதியிருக்குன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?"

"பூனை கறுக்குதுங்க. புகை."

அவர் குனிந்து பார்த்தார். நாளுக்குப் பதினாலு கட்டை விறகு சுமக்கிறவர் அவர். "அட, ஆமாங்க. புகையேதான்" என்று உடனே ஒத்துக்கொண்டார்.

அவளை வடக்கு அறைக்கு மாற்றினேன். மூன்று பக்கம் ஜன்னல், தரையில் பளபளப்பான பலகை, அடுப்பே கிடையாது. பங்களாவிலேயே சுத்தமான அறை. ஒரு கம்பளியை மடித்துப் போட்டேன். எங்கள் எஸ்டேட் ஒரு பள்ளத்தில் இருந்ததால் டிசம்பரில் உறைபனி இறங்கும். காலையில் புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல இருக்கும். நான் கோட்டு, மப்ளர், இரண்டு ஜோடி காலுறையோடு அங்கே உட்கார்ந்து எழுதினேன். அவள் என் கோட்டுக்குள் நுழைந்துகொள்ளப் பார்ப்பாள். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பார்க்க வந்தாள். வாசலில் நின்றபடியே, "அதுக்குக் குளிருதுங்க" என்றாள். "எப்படிக் கூனிக்கிட்டு ஒக்காந்திருக்கு பாருங்க. ரோமமும் இல்ல பாவம்."

"புகை ஆகாது" என்றேன்.

"புகையாலதான் நம்ம சமையக்கட்டுச் செவுரு கறுத்துச்சு, நான் கறுத்தனா? தெனமும் ஊதறது நானுங்க."

அதற்கும் ஒரு பதில் சொன்னேன். என்ன பதில் என்று நினைவில்லை.

பூனை இன்னும் கறுத்தது. விரல் வைத்து அளந்தேன். கறுப்பு வால் அடியிலிருந்து முதுகில் மூன்று விரல் ஏறியிருந்தது. பத்து நாளில் ஐந்து விரல். தோள்பட்டையில் சேணம் போட்டது போல ஒரு பட்டை. பழைய புகை ரோமத்தின் அடியில் ஊறியிருக்கிறது என்று முடிவு செய்து, வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. யாரும் செய்யமாட்டார்கள் என்று எழுதாமல் விட்டிருப்பார்கள். இரண்டு கையிலும் சேர்த்துப் பதினேழு கீறல். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வாரம் ஒன்றாக நாலு வாரம் குளிப்பாட்டினேன்.

ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அவள் முன்னைவிடக் கறுப்பாக இருந்தாள். உருட்டிய பச்சைக் கொழுந்தைக் குளிர்ந்த அறையில் பரப்பினால் செம்பு நிறமாவதையும், சூட்டில் போட்டால் அந்த மாற்றம் நிற்பதையும் தினமும் ஃபேக்டரியில் பார்க்கிறவன் நான். ஒரு தடவைகூட இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

ஜனவரி முதல் வாரம், கொழுந்து பறிக்கும் பெண்கள் மூன்று பேர் பங்களா வேலியோரமாகப் போகும்போது ஜன்னலில் அவளைப் பார்த்தார்கள். நான் உள்ளே இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"ஏய், தொரசாணி பூன வெள்ளையா இருக்குமே?"

"இது அது இல்லடி. இது வேற."

"அப்ப அது எங்க போச்சாம்?"

"கிளார்க்கய்யாவக் கேளு. அவருக்குத்தான் எல்லாக் கணக்கும் தெரியும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ஜன்னல் கதவைச் சாத்தினேன். ஆளை அனுப்பி மறுக்க முடியாது, மறுத்தால்தான் பரவும். ஆனாலும் பரவியது. மறுநாள் ஆபீஸில் பெரிய கிளார்க் பேனாவைத் துடைத்தபடி, "தம்பி, மெட்ராஸ்ல இந்த மாதிரிப் பூனைக்கு ஆலாப் பறக்கறாங்களாம், தெரியுமா?" என்றார்.

"நான் எங்கேயும் அனுப்பலைங்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? நல்ல பூனைய வித்துட்டு நாட்டுப் பூனைய வெச்சிருக்கான்னு ஊர்ல பேசறாங்க. தொர வந்து கேட்டா நானும் என்ன சொல்றது? நான் பார்த்த பூனை வெள்ளைன்னுதான் சொல்லோணும்."

அன்றிலிருந்து என் பயத்துக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. பூனை கறுத்ததற்கு யாரும் வேலையை எடுக்கமாட்டார்கள். பூனையை மாற்றியவன் என்றால் எடுப்பார்கள். அவள் அதே பூனைதான் என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? வெள்ளிக்கிழமைதோறும் சீமைக்கு ஏர்மெயில் கடிதம் எழுதவேண்டும் என்பது இருபத்து மூன்றாம் விதி. எடை, சாப்பாடு, பேச்சு எல்லாம் எழுதுவேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முடிவில் 'எல்லா விதிகளும் கடைப்பிடிக்கப்படுகின்றன' என்று எழுதுவேன். கணப்பு அணைந்த பிறகும் அந்த வரியை ஒன்பது கடிதத்தில் எழுதினேன்.

ஜனவரி நாலாம் வாரம் அவள் தும்ம ஆரம்பித்தாள். காலையில் நான் கதவைத் திறந்தபோது கம்பளியில் சுருண்டபடி தலையைத் தூக்கி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. "என்னங்க அம்மிணி" என்றேன். மறுபடி வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. மூக்கு ஓரம் காய்ந்திருந்தது. ஈரலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது விலாவில் சோப்பு சரியாகப் போகாமல் சொறிந்து சொறிந்து ஒரு கட்டி வேறு வந்திருந்தது. விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு. நல்லபடியாக இருந்த நாளில் அது இருபத்தாறு. நான் இரண்டையும் எண்ணியிருக்கிறேன்.

மாதிரித் தேயிலை அனுப்பும் சின்னப் பலகைப் பெட்டியில் பன்னிரண்டு துளை போட்டு, என் மப்ளரை உள்ளே விரித்து, பஸ்ஸில் குன்னூர் போனேன்.

பக்கத்தில் இருந்த காய்கறிக்காரர் துளையில் கண்ணை வைத்தார். "கோழிங்களா?"

"பூனைங்க. டாக்டர்கிட்ட."

"பூனைக்கு டாக்டரா!" அவர் பின்சீட்டுக்குத் திரும்பினார். "கேட்டீங்களா? எம்பட மாமியார கூட்டிட்டுப் போக எனக்கு நேரம் கெடைக்கல."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் துளை வழியே விரலை விட்டு, மூச்சு விரலில் படுகிறதா என்று வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டே போனேன். எண்ணிக்கை இரண்டு முறை தவறியது. என் ஆயுளில் அப்படித் தவறியது குறைவு.

மாட்டு டாக்டர் குதிரையும் மாடும் பார்த்தே பழகியவர். சயாம் பூனையை முதல் முறையாகப் பார்க்கிறார். ஊசி போட்டார், கட்டியைச் சுற்றி ஒரு தீப்பெட்டி அளவுக்கு ரோமத்தை மழித்து மருந்து தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு மெல்லிசா ரோமம் இருக்கு, எங்கய்யா வெச்சிருக்கீங்க இத? ஐஸ் பொட்டியிலயா?" என்றார். "சூடா வெச்சிருங்க. அடுப்பு பக்கத்துல. இல்லைன்னா இது தங்காது."

கறுத்துப்போகுமே என்று கேட்க வாயெடுத்தேன். தங்காது என்ற சொல்லுக்குப் பிறகு அதைக் கேட்க முடியவில்லை.

அன்று மாலை நானே கணப்பை மூட்டினேன். காய்ந்த கற்பூர மரச் சுள்ளியைக் காசு கொடுக்காமல் என் மனைவி தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த பெண்களிடம் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தாள். தீ அணைந்திருந்த நாட்களைக் காலண்டரில் எண்ணினேன். அறுபத்தொன்று. அடுத்த பத்து நாள் காலையும் மாலையும் கணப்பு முன்னால் பெட்டியை வைத்து, ஆட்டெலும்புச் சாற்றைத் தேக்கரண்டியில் எடுத்து வாயோரம் விட்டேன். முதல் நாள் மூன்று கரண்டி உள்ளே போனது. ஏழாம் நாள் பன்னிரண்டு. ஒன்பதாம் நாள் நான் பேரேட்டைப் பிரித்தபோது பின்னாலிருந்து, தகரத்தை நகத்தால் கீறியது போல ஒரு சத்தம். திரும்பினேன். மறுபடியும் அதே. "வந்துட்டேனுங்க அம்மிணி" என்றேன். பேரேட்டை மூடி வைத்தேன்.

மார்ச் கடைசியில் மழித்த இடத்தில் ரோமம் முளைத்துவிட்டது. பாலாடை நிறம்.

ஒரு தீப்பெட்டி அளவுக்கு. சுற்றிலும் கறுத்த உடம்பில், ஜன்னல் திறந்தது போல ஒரு சதுரம். கணப்புக்கு இரண்டடி தூரத்தில், இரண்டு மாதப் புகையில் முளைத்த ரோமம் அது. குளிர் அறையில் முளைத்ததெல்லாம் கறுப்பு. எனக்கு அறிவியல் தெரியாது. ஆனால் அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் எது கறுக்க வைத்தது என்று விளங்கிவிட்டது. அவளை யாரும் மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது; அதே சதுரம், நான் செய்ததற்கும் அத்தாட்சி. ஏழாம் விதியை மீறியது, எத்தனை நாள் மீறினேன் என்பது, எல்லாமே அவள் தோலில் இருந்தது. தெரிந்தவர் பார்த்தால் படித்துவிடுவார்.

எழுதிவிடலாம் என்று கடிதத்தாளை எடுத்தேன். துரை ஏற்கெனவே கப்பலேறியிருப்பார் என்று பெரிய கிளார்க் சொன்னார். இனி நேரில்தான்.

வீட்டில் சொன்னேன். மனைவிக்கு நிறைமாதம். "கேட்டா சொல்லீருங்க" என்றாள்.

"கேக்காட்டி?"

"கேக்காட்டி நீங்களாச் சொல்லப் போறீங்களா? உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?" அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "போகச் சொன்னா போலாங்க. ஆனா ரெண்டு வாரம் தவணை கேளுங்க. இந்த நெலமையில மலை எறங்கற பஸ்ல என்னால ஒக்கார முடியாது."

ஏப்ரலில் வந்தார்கள். பங்களா வாசலில் மாலையோடு வரிசையாக நின்றோம், பதினாறு பேர். நான் பதினைந்தாவது. கார் நின்றதும் துரைசாணி யார் மாலையையும் வாங்காமல், "எங்கே என் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். துரைக்குப் பின்னால் பெரிய கிளார்க், பட்லர், நான்.

பெரிய கிளார்க் முந்திக்கொண்டார். "அம்மா, பூனை கொஞ்சம்... வேற மாதிரி இருக்குது. ஊர்ல ஒரு பேச்சு இருக்குது. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

பட்லர் ஒரு அடி பின்னால் போனார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. கிளார்க்கு சொல்றதத்தான் செஞ்சேன்."

கணப்பருகே அவள் உட்கார்ந்திருந்தாள். துரைசாணி மண்டியிட்டு ஏதோ ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். அவள் கிட்டே வந்து, நீட்டிய விரலை முகர்ந்தாள். ஆறு மாதம் ஆகியிருந்தது. திரும்பி நடந்து வந்து, எப்போதும் போல என் முழங்காலில் ஒரு கால் வைத்து, தோளில் ஏறிக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் அவளை வெறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். 

துரைசாணி எழுந்து என் அருகில் வந்தார். முதுகில் கறுத்த ரோமத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சதுரம். அதன்மேல் விரல் வெகுநேரம் நின்றது. பூனை அவர் காதருகே ஒரு வார்த்தை பேசியது.

"இது என் பூனைதான்" என்றார், பெரிய கிளார்க்கைப் பார்க்காமலே. பிறகு என்னிடம்: "இந்த ஜாதி குளிர் பட்டால் கறுக்கும். காதும் வாலும் அதனால்தான் கறுப்பு. எத்தனை நாள் தீ இல்லை?"

"அறுபத்தொரு நாளுங்கம்மா."

"கடிதத்தில் எல்லா விதியும் என்று எழுதினாயே?"

"பொய்ங்கம்மா. புகையால கறுக்குதுன்னு நெனச்சு நான்தான் அணைக்கச் சொன்னேன். அப்புறம் சீக்கு வந்துது. குன்னூர் கொண்டு போனேன். அதையும் எழுதல."

 துரை, "கணக்கு சரியா சொல்றான்" என்று புகைபிடிக்கும் பைப்பைத் தட்டினார். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று புரியவில்லை. ரெண்டு வாரம் தவணை என்று சொல்லத் தொண்டை வரை வந்துவிட்டது.

துரைசாணி பூனையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். அது என் கோட்டில் நகத்தை மாட்டிக்கொண்டது, ஒவ்வொன்றாக விடுவித்தார். "நாளையிலிருந்து மூன்றரைக்கு வா" என்றார். "நீதான் தீ போட வேண்டும். பட்லர் இல்லை, நீ. பழைய நிறம் வரும் வரைக்கும்."

என்னைப் போகச் சொல்லவில்லை என்பது ஃபேக்டரி வரை நடந்த பிறகுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் அன்றும் மூன்றரைக்குப் போனேன். சித்திரை, வைகாசி, பிறகு ஆடி மழை. தினமும் துரைசாணி எழுதும் மேஜையில் இருப்பார், நான் மண்டியிட்டு ஊதுவேன். அவர் என்னோடு அதிகம் பேசமாட்டார். பூனை பேசும், இருவரும் மாறி மாறிப் பதில் சொல்வோம். ஊதும்போதெல்லாம் பின்னாலிருந்து ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று இடையில் நிறுத்திக் கேட்பேன். விறகு ஈரமாக இருந்து தீ பிடிக்காத நாளில் வீட்டிலிருந்து காய்ந்த சுள்ளி கொண்டுவந்து மூட்டுவேன். அப்படியே ஐந்து மாதம். கறுப்பு உதிர்ந்து என் ஈரக்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. முதலில் தோள், பிறகு முதுகு. சதுரம் மெல்ல மெல்லச் சுற்றியுள்ளதோடு கலந்து, எங்கே இருந்தது என்று எனக்கே தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்று ஆனது.

இந்த ஜாதிப் பூனைக்கு வயது ஏற ஏற நிறம் தானாகக் கறுக்கும், முழுதாகப் பழைய நிறம் ஒருநாளும் வராது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். துரைசாணிக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

புரட்டாசியில் ஒரு நாள் அவர் பூனையை ஜன்னலருகே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போதும்" என்றார். "முடிந்தது. இனி பட்லர் பார்த்துக்கொள்வார்."

சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஐந்து மாதமாக அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. நாளை மூன்றரை மணிக்கு நான் எங்கே இருப்பேன்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைக் கையில் வாங்கி, இடது பின்காலின் உள்பக்கம் விரலால் பிரித்துப் பார்த்தேன்.

"இன்னும் ஏழு ரோமம் கறுப்பா இருக்குதுங்கம்மா" என்றேன்.

துரைசாணி கிட்டே வந்து குனிந்தார். அவரும் எண்ணினார் என்று நினைக்கிறேன்; உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்து மேஜைக்குத் திரும்பினார்.

"அப்படியா? சரி. நாளைக்கு வா."